போர் முடிந்து ஒன்பது மாதம் கழித்து இறந்தவர் போரில் இறந்தவரா? – கிச்சினரில் புக்கம் சிங் கல்லறை பற்றி

மீனா_வாட்டர்லூ:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து வந்து வாட்டர்லூவில் குடியேறி எங்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போரில் இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 11 நினைவு நாள் வருகிறதல்லவா, வேறு நாட்டிலிருந்து கனடாவுக்குப் பிழைக்க வந்து, இந்த நாட்டு ராணுவத்தில் சேர்ந்து உயிரை விட்ட ஒருவரைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு பஞ்சாபி அக்காவிடம் கேட்டேன். யோசிக்காமல் "புக்கம் சிங்" என்றார். இங்கே கிச்சினரிலேயே, மவுண்ட் ஹோப் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறார்களாம்.

மகள் கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டு என்னைக் கேட்கிறாள்: "அம்மா, முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்துவிட்டது. இவர் இறந்தது 1919 ஆகஸ்ட். அதுவும் ஆஸ்பத்திரியில், டி.பி. வந்து. இவரைப் போரில் இறந்தவர் என்று எப்படி எழுதுவது?" எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. கோமகட்டா மாரு கப்பலில் வந்த இந்தியர்களை இறங்கவே விடாமல் திருப்பி அனுப்பிய நாடு இது. அடுத்த வருஷமே அந்த நாட்டு ராணுவத்தில் போய் ஒரு பஞ்சாபி ஏன் சேர்ந்தார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சனி, ஞாயிறில் மகளை அழைத்துக்கொண்டு கல்லறைக்கும் போகலாம் என்று நினைக்கிறோம்.

செந்தில்_மிசிசாகா:

நல்ல தலைப்பு மேடம். முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்து போனார்கள், சுமார் 74,000 பேர் இறந்தார்கள். இவரும் அவர்களில் ஒருவர்தானே? வாழ வைத்த நாட்டுக்கு நன்றிக்கடனாக உயிரைக் கொடுத்தார் என்று மகளை எழுதச் சொல்லுங்கள். ஆசிரியருக்கும் பிடிக்கும்.

கிராண்ட்நதிக்கரை:

மீனா தங்கச்சி, நான் கிச்சினரில் நெடுங்காலமாக இருப்பவன். இங்கே தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். அந்தக் கல்லறைக்குப் பல தடவை போயிருக்கிறேன். பிள்ளையின் கேள்வி அருமையான கேள்வி, அதற்கே முதலில் வருகிறேன்.

போர்க் கல்லறைகளைப் பராமரிப்பது பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணையம். அவர்கள் கணக்கில் முதல் உலகப் போரின் சாவுகள் 1914 ஆகஸ்ட் 4இல் தொடங்கி 1921 ஆகஸ்ட் 31 வரை நீள்கின்றன. அந்தக் காலத்துக்குள் படைப்பணியில் இருந்தபடி இறந்தவரும் சரி, படையை விட்டு வந்தபின் அந்தப் பணியில் வாங்கிய காயத்தாலோ நோயாலோ இறந்தவரும் சரி, போரில் இறந்தவர்தான். இது ஏதோ சலுகை காட்டிச் சேர்த்ததென்று பிள்ளை நினைக்கக் கூடாது. நச்சுவாயு பட்ட நுரையீரலும், சீழ் வைத்த காயமும், நெரிசலான முகாம்களில் தொற்றிய காசநோயும் ஆளைக் கொல்ல ஒரு வருடம், இரண்டு வருடம் எடுக்கும். அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தது 1943இல். அதுவரை நல்ல காற்று, படுக்கை, சத்துள்ள சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம்.

இன்னுமொன்று. அந்தப் போரில் போனவர்களுக்குக் கொடுத்த வெற்றிப் பதக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். "நாகரிகத்துக்கான பெரும் போர், 1914–1919" என்றுதான் பொறித்திருக்கும். 1918 என்று இருக்காது. பிள்ளைக்கு இது ஒன்றே போதும்.

சரி, இனி ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

புக்கம் சிங் பிறந்தது 1893 டிசம்பரில், பஞ்சாபில் மாஹில்பூர் என்ற ஊரில். பத்து வயதளவில் கலியாணம். பெண்ணின் பெயர் பிரீதம் கவுர். அந்தக் கால வழக்கப்படி பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள், வயது வந்தபின்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்குள் 1907இல், பதின்மூன்று பதினான்கு வயதில், இந்தப் பையன் கனடாவின் மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

அவன் வந்த வருடம் எப்படிப்பட்ட வருடம் என்று பாருங்கள். அந்த வருடம்தான் பிரிட்டிஷ் கொலம்பியா இந்தியர்களின் வாக்குரிமையைப் பறித்தது. அந்த செப்டம்பரில் எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவில், பெல்லிங்ஹாமில் மரம் அறுக்கும் ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபிகளைக் கும்பல் அடித்து ஊரைவிட்டுத் துரத்தியது. சில நாட்களில் வன்கூவரில் சீனர், ஜப்பானியர் தெருக்கள் உடைக்கப்பட்டன. 1908 தொடக்கத்தில் புதுச் சட்டம் ஒன்று வந்தது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் தங்காமல் ஒரே பயணமாக வந்தால்தான் கனடாவில் இறங்கலாம். இந்தியாவிலிருந்து நேராக வரும் கப்பல் சேவை எதுவும் இல்லை. கையில் 200 டொலரும் இருக்க வேண்டும். "இந்தியர்" என்ற சொல் அந்தச் சட்டத்தில் எங்கும் கிடையாது, ஆனால் கதவு சாத்தப்பட்டது அவர்களுக்குத்தான். அதற்கு முந்தைய நாலைந்து வருடங்களில் சுமார் 5,000 பேர் வந்திருந்தார்கள். சட்டத்துக்குப் பிறகு வரத்து ஏறக்குறைய நின்றே போனது.

அந்தச் சட்டத்தால் வெளியே நின்றவர்களில் பிரீதம் கவுரும் ஒருவர். ஏற்கெனவே உள்ளே இருந்த ஆண்கள் மனைவியைக் கூப்பிட முடியாது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், திரும்பி வரும்போது அதே கதவுதான். புக்கம் சிங் அப்படியே மாட்டிக்கொண்டார். 1912, 13 அளவில் ஒன்ராறியோவுக்கு வந்து, இன்றைய பிக்கரிங் பக்கம் ரோஸ்பாங்க் என்ற இடத்தில் ஒரு பண்ணையில் கூலி வேலை செய்தார். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் சீக்கியர்கள் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். கதவைச் சாத்திவிட்டு பஞ்சாபி பேச யார் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நீங்கள் சொன்ன கோமகட்டா மாரு 1914 மே 23இல் வன்கூவர் வந்தது. 376 பேர். 24 பேரை மட்டும் இறங்கவிட்டு, மற்றவர்களை இரண்டு மாதம் தண்ணீரிலேயே வைத்திருந்து, ஜூலை 23இல் திருப்பி அனுப்பினார்கள். பன்னிரண்டு நாளில், ஆகஸ்ட் 4இல், போர் அறிவிக்கப்பட்டது. கப்பல் செப்டம்பர் கடைசியில் கல்கத்தா பக்கம் பஜ்பஜ்ஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே துப்பாக்கிச் சூடு நடந்து சுமார் இருபது பேர் செத்தார்கள். 1915 வசந்த காலத்தில் புக்கம் சிங் கனேடியப் படையில் சேருகிறார்.

செந்தில் தம்பி, கோபிக்காதீர்கள், ஆனால் இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் பத்து லட்சம் பேர் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்தவர்கள். அது வேறு படை. லாகூர், மீரட் டிவிஷன்கள் 1914 இறுதியிலேயே பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸில், ஈப்ர பக்கம் இறங்கிச் சண்டை போட்டன. குதிரைப்படை தவிர மற்ற இந்தியக் காலாட்படை 1915 முடிவில் மெசப்பத்தேமியாவுக்கு (இன்றைய ஈராக்) போய்விட்டது. புக்கம் சிங் கனேடியச் சீருடையில் 20ஆம் பட்டாலியனோடு அதே பிளாண்டர்ஸில் நின்றது 1916இல். அதாவது தன் மொழி பேசுகிற படைகள் அந்த இடத்தை விட்டுப் போன பிறகு. கனேடியப் படையில் சேர்ந்த சீக்கியர்கள் என்று இதுவரை தெரிய வந்திருப்பவர்களே பத்துப் பேர் வாக்கில்தான். அவர்களில் போர்க்களத்திலேயே மாண்டவர்களும் உண்டு.

இரண்டாவது அந்த "நன்றிக்கடன்". இதைத் தயவுசெய்து பிள்ளையின் கையால் எழுத வைக்காதீர்கள். வாக்கு இல்லை, மனைவியைக் கூப்பிட வழி இல்லை, ஊருக்குப் போய்வர வழி இல்லை. எதற்கு நன்றி? அந்த மனிதர் கடன்பட்டவர் இல்லை. கடன் இந்த நாட்டின் பக்கம் இருந்தது.

1916 கோடையில் இரண்டு தடவை காயப்பட்டார். முதலில் தலையில் குண்டுச் சிதறல், அடுத்தது காலில் துப்பாக்கிச் சூடு. முதல் காயத்தோடு யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆறியதும் மறுபடியும் முன்வரிசைக்குத்தான் போனார். சிகிச்சை பெற்ற இடங்களில் ஒன்று பிரான்சில் பூலோனில் இருந்த கனேடிய இராணுவ வைத்தியசாலை. அங்கே மருத்துவப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜோன் மக்ரே. நவம்பரில் நாம் எல்லோரும் சட்டையில் குத்திக்கொள்ளும் பொப்பி மலர், அவர் எழுதிய கவிதையிலிருந்து வந்த வழக்கம். மக்ரேயின் சொந்த ஊர் குவெல்ஃப், இங்கிருந்து காரில் அரை மணி. அவரும் போர் முடியும்வரை இருக்கவில்லை, 1918 ஜனவரியில் நிமோனியாவில் போய்விட்டார். பிரான்சில் வீமரேயில் புதைத்திருக்கிறார்கள். நோயில் இறந்தவர்தான், ஆனால் மக்ரே போரில் இறந்தாரா என்று இந்த நாட்டில் ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் மகள் இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதலாம்.

புக்கம் சிங்குக்கு இங்கிலாந்தில் குணமாகிக்கொண்டிருந்தபோது காசநோய் பிடித்தது. கனடாவுக்கு அனுப்பினார்கள். கடைசி நாட்கள் கிச்சினரில், கிராண்ட் ஆற்றங்கரையில் ஃப்ரீபோர்ட் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளுக்கான வைத்தியசாலையில். அந்த இடத்தில் இன்றும் வைத்தியசாலை இருக்கிறது. 1919 ஆகஸ்ட் 27. வயது 25.

அந்த 1919இல்தான் இந்தியர்கள் மனைவியையும் சிறுபிள்ளைகளையும் கூப்பிடலாம் என்று கனடா சட்டத்தைத் தளர்த்தியது. இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நானும் என் மனைவியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்து, கடதாசி சரிவரும்வரை சில வருடங்கள் தனியே இருந்தவன். எங்களுக்குத் தொலைபேசி இருந்தது. பிறகு அவர் வந்தும் சேர்ந்தார். பிரீதம் கவுருக்குச் சிறுவயதில் கட்டிவைத்த கணவன், பிறகு ஒரு நாளும் திரும்பி வராத ஒரு ஆள். அவ்வளவுதான் அந்தக் கலியாணம்.

பழங்கடதாசி:

மேலே ஐயா விரிவாகவே சொல்லிவிட்டார். ஆவணங்கள் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், பிள்ளைகளுக்கு மூல ஆவணத்தைப் பார்ப்பதில் தனி உற்சாகம் உண்டு.

முதல் உலகப் போரில் கனேடியப் படையில் இருந்தவர்களின் கோப்புகள், 6 லட்சத்துக்கும் மேல், எல்லாவற்றையும் கனடா நூலக ஆவணக் காப்பகம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெயரைப் போட்டுத் தேடலாம். ஒன்று கவனியுங்கள். எழுதிய குமாஸ்தாவுக்கு எப்படிக் காதில் விழுந்ததோ அப்படித்தான் பஞ்சாபிப் பெயர்கள் பதிவாகியிருக்கும். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். புக்கன், புக்கம், பக்கம் என்று மாற்றி மாற்றித் தேட வேண்டும்.

கோப்பில் முதல் தாள் படையில் சேரும்போது நிரப்பிய படிவம். பன்னிரண்டு கேள்விகள். பெயர் என்ன, எந்த ஊரில் பிறந்தாய், நெருங்கிய உறவினர் யார், அவர் முகவரி என்ன, என்ன தொழில், திருமணம் ஆனதா, அம்மை குத்திக்கொள்ளச் சம்மதமா, முன்பு ராணுவத்தில் இருந்திருக்கிறாயா என்று போகும். பின்பக்கத்தில் உயரம், மார்பளவு, தோல் நிறம், கண் நிறம். மதத்துக்குக் கட்டங்கள் இருக்கும். கிறிஸ்தவப் பிரிவுகள் வரிசையாக, அப்புறம் யூதர், கடைசியில் "மற்றவை". சீக்கியர், இந்து, முஸ்லிம் என்று கட்டமே கிடையாது. யாரெல்லாம் வந்து சேருவார்கள் என்று அந்தப் படிவத்தை அச்சடித்தவர்கள் எதிர்பார்த்தார்கள் என்பதை அந்தக் கட்டங்களே காட்டும்.

புக்கம் சிங் கதை வெளியே வந்தது ஒரு பதக்கத்தால். ரொறொன்ரோவைச் சேர்ந்த வரலாற்று ஆர்வலர் சந்தீப் சிங் பிரார், இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஒரு வெற்றிப் பதக்கத்தை வாங்கினார். அந்தப் பதக்கங்களின் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். சிங் என்ற பெயரோடு கனேடியக் காலாட்படை என்று இருந்ததைக் கண்டு, கோப்புகளைத் தோண்டி, கடைசியில் கிச்சினரில் கல்லறையைக் கண்டுபிடித்தார். கிட்டத்தட்ட 90 வருடம் கேட்பாரற்றுக் கிடந்த கல்லறை. கனடா மண்ணில் முதல் உலகப் போர் சீக்கியக் கனேடியச் சிப்பாய் ஒருவருக்கு இருப்பதாகத் தெரிந்த ஒரே கல்லறை அதுதான். அதன்பின் ஒவ்வொரு நவம்பரிலும் அங்கே சீக்கியர்கள் கூடி நினைவு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். பணியில் உள்ள ராணுவத்தினரும் போலீஸாரும் வருவார்கள்.

மீனா_வாட்டர்லூ:

ரொம்ப ரொம்ப நன்றி அண்ணா, உங்கள் பதிலை மகளுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். அந்த 1914–1919 விஷயத்தைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. பழங்கடதாசி அவர்களுக்கும் நன்றி, கோப்பைத் தேட ஆரம்பித்துவிட்டோம்.

ஒன்றுதான் அவளுக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றிக்கடன் இல்லையென்றால் ஏன் சேர்ந்தார் என்று எழுதட்டும்? அந்தப் பத்தியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறாள். கல்லறைக்கு எப்படிப் போவது என்றும் சொல்லுங்கள் அண்ணா. பூ வைக்கலாமா?

செந்தில்_மிசிசாகா:

அண்ணா சொன்னது சரிதான். இந்தியப் படைக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். படையில் இருந்த சீக்கியர்களின் வீரப் பரம்பரை, அதுவும் ஒரு காரணம் இல்லையா?

கிராண்ட்நதிக்கரை:

இருக்கலாம் தம்பி. பஞ்சாபில் பல வீடுகளில் யாராவது ஒருவர் பட்டாளத்தில் இருந்த காலம் அது. சிறுவயதிலிருந்து பார்த்த உடுப்பு. இந்தக் கிச்சினர் ஊருக்குப் பெயர் கொடுத்த லோர்ட் கிச்சினர் 1902 முதல் 1909 வரை இந்தியாவின் படைத் தளபதி. புக்கம் சிங் மாஹில்பூரில் சிறுபையனாக இருந்தபோது அங்கே பட்டாளம் முழுக்க அந்த ஆளின் கீழ்தான். அந்தத் தளபதி 1916 ஜூனில் கடலில் மூழ்கி இறந்தார். அதுவரை பெர்லின் என்று இருந்த இந்த ஜெர்மன் ஊர், போர்க்கால வெறுப்பில் தன் பெயரை மாற்றி, அந்த செப்டம்பரில் கிச்சினர் ஆனது. மூன்று வருடம் கழித்து மாஹில்பூர்ப் பையன் இங்கே வந்து கண்ணை மூடினார். இது கட்டுரைக்குத் தேவையில்லை. இந்த ஊரில் இவ்வளவு காலம் இருந்துவிட்டதால் எனக்கு மனதில் வருகிறது, அதனால் சொன்னேன்.

"ஏன் சேர்ந்தார்" என்பதற்கு வருகிறேன். அந்தப் பன்னிரண்டு கேள்விகளில் "ஏன் சேருகிறாய்" என்ற கேள்வி கிடையாது. அதனால் பிள்ளை ஒரு காரணத்தைச் சொல்லி அடித்து எழுத வேண்டாம். அவர் நின்ற இடத்தைக் காட்டி எழுதட்டும். வயது 21. பண்ணைக் கூலி. இந்தப் படையில் சாதாரணச் சிப்பாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு டொலர், களப்படியாகப் பத்துச் சதம் கூடுதல். பக்கத்தில் தங்குபவனுக்கும் அதே சோறு, அதே உடுப்பு, அதே சம்பளம். கனடாவில் அவருக்கு அப்படி எல்லோரோடும் ஒரே கணக்கில் இருந்த வேறு இடம் எது என்று கேளுங்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம், சேர்வதற்கே அப்போது எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். கறுப்பினத்தவர்கள் வந்து வரிசையில் நின்றபோது பல பட்டாலியன் அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1916இல் அவர்களுக்கென்று தனியாகக் கட்டுமானப் பட்டாலியன் ஒன்று அமைத்து, மண்வெட்டியும் கோடரியும் கொடுத்தார்கள். ஜப்பானியர்களை பிரிட்டிஷ் கொலம்பியா சேர்க்க மறுத்ததால் அவர்கள் அல்பேர்ட்டாவரை போய்ச் சேர்ந்தார்கள். 200 பேருக்கு மேல், அவர்களில் 54 பேர் திரும்பவில்லை. இவர்கள் எல்லோரும் தங்களுக்கு வாக்கையோ சம உரிமையையோ தராத நாட்டின் படைக்குத்தான் முண்டியடித்தார்கள். "சண்டையில் நின்றால் நம்மையும் மனிதராக நடத்துவார்கள்" என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் பல சமூகங்களில் இருந்தது. ஜப்பானியர்கள் அதை வெளிப்படையாகவே கேட்டார்கள். இந்தியர்களுக்கு வாக்கு எப்போது வந்தது தெரியுமா? 1947இல். புக்கம் சிங் இறந்து 28 வருடம் கழித்து, இன்னொரு பெரிய போரும் முடிந்த பிறகு.

ஆசிரியர் வீரக் கதையை எதிர்பார்க்கலாம். பதக்கம், காயம், பொப்பி எல்லாம் இருக்கட்டும், அவை உண்மை. ஆனால் 1908 சட்டத்தையும் பிரீதம் கவுரையும் விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரின் கதை. மதிப்பெண் ஒன்றிரண்டு குறைந்தாலும் பரவாயில்லை, அந்த இரண்டும் இருக்க வேண்டும்.

கல்லறைக்கு வழி: மவுண்ட் ஹோப் மூர் அவென்யூவில் இருக்கிறது. நம் ஊர் அயன் (ION) ரயிலில் வந்தால் கிங் தெருவில் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் இறங்கி நடந்துவிடலாம். உள்ளே பழைய ஊர்க்காரர்களின் ஜெர்மன் பெயர்களே அதிகம், அவற்றுக்கிடையே தேட வேண்டும். போர்க் கல்லறைகள் ஒரே மாதிரி நிமிர்ந்து நிற்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பூ தாராளமாக வைக்கலாம். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு வையுங்கள். சனிக்கிழமை காலை என்றால் நானும் வருகிறேன், தனிமடலில் நேரத்தைச் சொல்லுங்கள். நிலம் ஈரமாக இருக்கும், பிள்ளைக்குச் சப்பாத்து போட்டுக் கூட்டி வாருங்கள்.